ஒன்றே அரைக்கால் அங்குலத்தைத் தேடி

இரவானால் ஜீப்பின் அடியில் ஓர் அட்டையை விரித்துவைப்பேன். காலையில் எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை இருக்கும். 1953-ல் செய்த வில்லிஸ் சிஜே-3பி அது. முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. நடுவில் சுழலும் பல்சக்கரத்தைத் தாங்கும் ஷாஃப்டில் ரோலர் பேரிங் ஓடி ஓடி வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. தடவினால் நகம் மாட்டிக்கொண்டது.

முதலில் நேரில் போகாமலே ஒரு ஷாஃப்டை வரவழைத்தேன். விற்றவர் மாடலை மட்டும் கேட்டார். சொன்னேன். "அப்படியே உட்காரும்" என்றார். உட்காரவில்லை. ஸ்பைசர் 18 என்கிற இந்த டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு மூன்று தடிமனில் ஷாஃப்ட் உண்டு. போர்க்கால ஜீப்பில் முக்கால் அங்குலம், 1946 வாக்கிலிருந்து ஒன்றே அரைக்கால், ஐம்பதுகளின் நடுவிலிருந்து ஒன்றேகால். வெளியே நின்று பார்த்தால் பெட்டி மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். சிஜே-3பி 1953 முதல் 1968 வரை வெளிவந்தது. ஆகவே அந்த ஒரே பெயருக்குள் இரண்டு அளவு. எனக்கு வேண்டியது 28.6 மில்லிமீட்டர், வந்ததோ 31.75.

அதன்பின் பெயரை நம்பி எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். பழைய ஷாஃப்டைத் துணியில் சுற்றி, தடிமன் அளக்கும் வெர்னியர், டார்ச், கம்பி பிரஷ் சகிதம் நண்பரின் பிக்கப்பில் கிளம்பினோம்.

முதல் நாள் ஒரு பெரிய காயலான் கடை. நிறுத்திய இடத்திலேயே வண்டிகள் மண்ணில் புதைந்துகொண்டிருந்தன. பானெட்டுகளின் நடுவே செடி முளைத்திருந்தது. இது போன்ற இடத்தில் அவசரப்படக் கூடாது. நான் ஒரு சுற்று எதையும் தொடாமல் நடப்பேன். எந்த வண்டி எப்படி நிற்கிறது, எதில் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, இரண்டாவது சுற்றில்தான் ஸ்பேனரை எடுப்பேன்.

ஒரு பழைய ஜீப்பின் இடப்பக்கச் சக்கரத்தை நண்பர் கழற்றப் பார்த்தார். பலம் கொண்ட மட்டும் திருகியும் நட்டு அசையவில்லை. பிரஷால் போல்ட்டின் முனையைத் தேய்த்தேன். ‘எல்’ என்ற எழுத்து தெரிந்தது. இடது மரை! அந்தக் கால ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை எதிர்த்திசையில் போகும். மாற்றித் திருகியதும் கிறீச்சென்று இளகிவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் போல்ட்டையே முறித்திருப்போம்.

அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்றேகால். மனசு விட்டுப்போனாலும் மீதியையும் பார்த்தோம். பின் ஆக்சில் நல்ல நிலையில் இருந்தது. மூடியைத் திறந்து பற்களை எண்ணினேன்: பெரிய சக்கரத்தில் 39, சிறியதில் 8. என் வண்டியில் 43-க்கு 8. பின்னால் இதை மாட்டிவிட்டு முன்னால் பழையதையே விட்டால், நான்கு சக்கர ஓட்டத்தில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். கெட்டியான தரையில் கியர் தாங்காது. வேண்டாம் என்று மூடிவைத்தேன். பல் எண்ணுவது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஆக்சில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

போல்ட் குவித்திருந்த தகரப் பெட்டியில் ஒன்றை எடுத்து, தலையிலிருந்த கிரீஸைக் கட்டைவிரலால் வழித்தேன். வளைந்த கையெழுத்தில் ஒரு ‘எஃப்’. போர்க்காலத்தில் வில்லிஸ் வடிவமைப்பிலேயே ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ ஜீப்பின் உதிரிகளில் குத்திய அடையாளம் அது. என் வண்டிக்கு அந்த எழுத்து தேவையில்லை. ஆனால் அப்படியொரு ஜீப்பைப் பழையபடி எழுப்புகிறவருக்கு ஒவ்வொரு போல்ட்டும் பொக்கிஷம். கடைக்காரரிடம் காட்டினேன். அவர் தனி டப்பா கொண்டுவந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்து பொறுக்கிப் போட்டுவிட்டு வந்தோம்.

கிளம்பும் நேரத்தில் ஒரு ஜோடி லாக்கிங் ஹப் கிடைத்தது. முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கிற சாதனம். போரில் மிஞ்சிய ஜீப்புகளைச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்காக 1948-ல் வார்ன் நிறுவனம் தொடங்கியதே இதில்தான். உள்ளே பத்துப் பள்ளங்களும் கூர்மையாக இருந்தன. குமிழ் இரு பக்கமும் சுத்தமாகத் திரும்பியது. யோசிக்காமல் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிவதற்குள் திறந்தவெளிச் சந்தை ஒன்றுக்குப் போனோம். தரையில் விரித்த தார்ப்பாயெல்லாம் விளக்கு, மிரர், கேன். மூன்று கைப்பிடி வைத்த 20 லிட்டர் ஜெர்ரி கேன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். 1937-ல் ஜெர்மானியர்கள் வடிவமைத்தது; இருவர் பகிர்ந்து தூக்கலாம், காலி கேன் என்றால் ஒருவரே ஒரு கையில் இரண்டு தூக்கலாம். வெளியே புதுப் பெயின்ட் மின்னியது. டார்ச் அடித்தால் உள்ளே துரு செதில்செதிலாக நின்றது. வைத்துவிட்டேன்.

அங்கேதான் என் கையிலிருந்த தேய்ந்த ஷாஃப்டை ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்தார். "தம்பி, இதே கனத்தில் என்னிடம் ஒன்று இருக்கும். வண்டியோடு இருக்கிறது, வந்து கழற்றிக்கொள்" என்றார்.

அவர் பின்னாலேயே போனோம். வைக்கோல் கொட்டகையின் மூலையில் ஒரு சிஜே-3ஏ. பின்னால், என்ஜின் விசையை வெளி இயந்திரத்துக்குக் கொடுக்கும் பிடிஓவும் பெல்ட் சக்கரமும் அப்படியே இருந்தன. சாலையில் அதிகம் ஓடாமல், நின்ற இடத்திலேயே மரம் அறுக்கும் ரம்பத்தைப் பல வருடம் ஓட்டியிருக்கிறது. கேட்டதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிடிஓவுக்கு விசை கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டிலிருந்தே நேராகப் போய்விடும். டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து ரம்பம் ஓட்டியிருந்தால், நடுப் பல்சக்கரம் சுமையில்லாமல் சும்மா சுற்றியிருக்கும். ஷாஃப்ட் தேய நியாயமில்லை.

மல்லாக்கப் படுத்து, அடிமூடியைக் கழற்றி, பின்னாலிருந்த பூட்டுத் தகட்டை எடுத்தேன். முன்பக்கமிருந்து பித்தளைக் கம்பி வைத்து மெல்லத் தட்டத் தட்ட, கறுத்த எண்ணெயோடு ஷாஃப்ட் பின்னால் வழுக்கி வந்தது. துடைத்தேன். நகத்தை ஓடவிட்டேன், எங்கும் மாட்டவில்லை. வெர்னியரை இரு முனையிலும் நடுவிலும் வைத்தேன். மூன்றும் ஒரே எண், ஒன்றே அரைக்கால் அங்குலம். பெரியவர் குனிந்து, "சரியா இருக்கா?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். மூடியை மறுபடி மாட்டி, கழற்றிய பேரிங் உருளைகளைத் துணிப்பையில் கட்டி அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டோம்.

வீடு வந்த மறுநாளே புது பேரிங்கோடு மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஊர்ச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். இரவு வழக்கம்போல அட்டையை விரித்தேன். காலையில் அது காய்ந்து கிடந்தது.