அளவெடுப்புக் குறிப்புகள்

பிப்ரவரி 9
உடல் எடையும் கொழுப்பும் அளக்க மாணவர்களை வெறும் வயிற்றில் வரச் சொன்னால் முணுமுணுப்பார்கள் என்று பார்த்தால், ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலைச் சாப்பாடே பழக்கத்தில் இல்லாதவர்களுக்கு இது என்ன நிபந்தனை!

பிப்ரவரி 10
இன்று முழுக்கக் கொண்டைப் பிரச்சினை. 60 கிலோ, 160 செ.மீ. என்றால் பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 23.4. உச்சிக் கொண்டை 2 செ.மீ. கூட்டிவிட்டால் 22.9. ஆசியர்களுக்கென 2004இல் உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு சொன்ன ஆபத்து வரம்பான 23க்குக் கீழே ஆள் நழுவிவிடுவார். முடியை அவிழ்க்கச் சொல்லுங்கள். குதிகால் பலகையில் படட்டும், கண்ணின் கீழ்விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

பிப்ரவரி 11
தோல்மடிப்பு: தோலடிக் கொழுப்பின் தடிமனை அளப்பது. வலது கையின் பின்புறம், தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே பேனாக் குறி. அதற்கு 1 செ.மீ. மேலே தசையை விட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் பிடித்துத் தூக்கி, குறியில் கேலிப்பரை (தடிமன் அளக்கும் கவ்வுகருவி) வைத்து, 2 நொடியில் வாசிக்க வேண்டும். கேலிப்பரை வைத்துக்கொண்டே அரட்டை அடித்தால் மடிப்பு நசுங்கி எண் இறங்கும். ஒரே இடத்தை உடனே மறுபடி கவ்வுவதும் தப்பு; மற்ற இடங்களை முடித்துவிட்டுத்தான் இரண்டாம் சுற்று. மடிப்பு அளவுகளிலிருந்து உடல் அடர்த்தியைக் கணித்து, அதிலிருந்து கொழுப்புச் சதவீதம் காணும் சிரி (Siri) சூத்திரம் ஈவிரக்கம் இல்லாதது: 495ஐ உடல் அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழி. அடர்த்தி 1.050 என்றால் கொழுப்பு 21.4%. 1.040 என்றால் 26%.

பிப்ரவரி 12
தண்ணீர், தண்ணீர். உடலில் லேசான மின்சாரம் செலுத்தி அதற்கு உடல் தரும் தடையை அளக்கும் மெஷின் கொழுப்பை அளப்பதே இல்லை. உடலில் உள்ள நீரை ஊகித்து, மிச்சத்தைக் கொழுப்பு என்கிறது. வியர்த்து வறண்டு வந்தவருக்குக் கொழுப்பு கூடுதலாகக் காட்டும். வாசலில் அரை லிட்டர் குடித்துவிட்டு ஏறினாலும் அந்த எடை பெரும்பாலும் கொழுப்புக் கணக்கில்தான் விழும். மாவுச்சத்தை இரண்டு நாள் குறைத்தவரிடம் கிளைக்கோஜன் (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து) கரைந்திருக்கும், ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீரும் போயிருக்கும். அவர் இளைத்துவிட்டதாகக் குதிக்கிறார்.

பிப்ரவரி 13
உணவுப் பேட்டி. "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" இந்தக் கேள்வியே ஓட்டை. இரண்டு மணிக்குத் தூங்குபவருக்கு நேற்று எப்போது முடிகிறது? ஒரு மணிக்குத் தின்றது நேற்றிலும் சேராது, இன்றிலும் சேராது. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று கடிகாரத்தை முன்னால் வைத்துக் கேட்க வேண்டும். முதலில் குறுக்கிடாமல் பட்டியல், அடுத்து மறந்தவை (பானம், கொறித்தது, படிக்கும்போது வாயில் போட்டது), பிறகு நேரம், கடைசியாக அளவு. "அவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்கவே கூடாது. அடுத்த ஆள் கூட்டிச் சொல்லுவார், அதற்கடுத்தவர் மறைப்பார்.

பிப்ரவரி 14
தேர்வு அட்டவணை வந்துவிட்டது. தொலைந்தோம்.

பிப்ரவரி 16
ஒருவருக்குப் பிஎம்ஐ 21, கொழுப்பு 34%. தண்ணீர்ப் பிழையாக இருக்குமோ என்று கேலிப்பரிலும் பார்த்தாயிற்று. நிஜம்தான். குறைவாகத் தின்று, தசைக்கு வேலையே கொடுக்காத உடம்பு. பிஎம்ஐயை மட்டும் பார்ப்பவர்கள் இவரை "நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது இதைவிடப் பயன்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சு விட்ட முடிவில்.

பிப்ரவரி 17
மெஷினின் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பியாயிற்று. ஏற்கெனவே ஒல்லியான ஒருவர் எண்ணைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டை விடப்போவதாகச் சொன்னார். இனி எண்ணை உரக்க வாசிப்பதில்லை. கேட்டால் தனியாக, விளக்கத்தோடு.

பிப்ரவரி 18
தேர்வு வாரத்தில் சொல்லும் சாப்பாட்டை வழக்கமான உணவுக் கணக்கில் கலக்காமல் தனிக் குறியீடு போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பேட்டிகள் இன்னும் பாக்கி.