கார் ஷெட்டுக்கு ஒற்றை ஆளாய் மூலைமட்டம் போடுவது

வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் நாலு பில்லர் வைத்து ஒரு கார் ஷெட். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட ஆள் வருவதற்கு முன், நாலு மூலையும் செங்கோணமாக வரும்படி மார்க்கிங்கை முடித்துவைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்றுதான் பலரும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கையின் வேலையை ஒரு ஆணி செய்யும்.

பில்லர் சென்டருக்கு சென்டர் 12 அடி அகலம், 20 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். பில்லர் 9 அங்குலம் போக உள்ளே 11 அடி 3 அங்குலம் கிடைக்கும். இரண்டு பக்கமும் கதவைத் திறந்து இறங்கலாம். இந்த அளவுக்கு மூலைவிட்டம் 23 அடி 3 அங்குலம் 7 நூல். (8 நூல் ஓர் அங்குலம்.) இதைச் சுவரில் பென்சிலால் எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தேவையானவை: 7.5 அல்லது 8 மீட்டர் ஸ்டீல் டேப் இரண்டு (5 மீட்டர் டேப் மூலைவிட்டத்துக்கு எட்டாது, துணி டேப் இழுத்தால் நீளும், வேண்டாம்), இரண்டு அங்குலத் தடிமனில் நாலு முளை, மெல்லிய ஆணி, நைலான் நூல், தூக்குக்குண்டு, லெவல் டியூப் (தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கும் குழாய்), ஒரு வாளி, இரண்டடிச் சவுக்குக் கட்டை பதினாறு, சென்ட்ரிங் பலகைத் துண்டு எட்டு.

முதலில் அடிக்கோடு. காம்பவுண்டுச் சுவரை நம்பாதீர்கள், பெரும்பாலும் அது மனையின் எல்லையோடு சாய்ந்துதான் போகும். வீட்டுச் சுவரிலிருந்து 5 அடி தள்ளி, முன்னும் பின்னும் அளந்து இரண்டு முளை அடித்து, அவற்றின் தலையில் 20 அடி இடைவெளியில் ஆணி அடித்து நூல் கட்டுங்கள். நடுவிலும் ஒருமுறை அளந்து பாருங்கள்; பூச்சு புடைத்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். இந்த இரண்டு முளையும் இனி அசையக்கூடாது.

எதிர்ப்பக்க முளை இரண்டையும் இப்போதைக்குக் குத்துமதிப்பாக அடித்தால் போதும். அடுத்து நாலு முளைத்தலையும் ஒரே மட்டத்துக்கு வரவேண்டும். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு கணக்கு உதைக்கிறது என்று தலையைச் சொறிவார்கள். 20 அடிக்கு ஓரடி சரிவுள்ள தரையில் டேப்பைத் தரையோடு போட்டு அளந்தால் கிடைமட்டத்தில் சுமார் இரண்டரை நூல் குறைகிறது. ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் சமம் என்றால் மூலைவிட்டம் பொய் சொல்லும்.

லெவல் டியூபுக்கு வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளென்றால் மனையின் நடுவில் ஸ்டூல் போட்டு வாளி நிறையத் தண்ணீர் வையுங்கள். டியூபின் ஒரு முனையை வாளிக்குள் முக்கிக் கட்டிவிட்டு, வாயால் உறிஞ்சித் தண்ணீரை வரவழைத்தபின் மறுமுனையை மட்டும் முளை முளையாகக் கொண்டுபோகலாம். டியூபில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து நாலு முளைத்தலையும் ஒரே அளவு கீழே இருக்கவேண்டும். வாளி மட்டமும் டியூப் மட்டமும் எப்போதும் ஒன்று; வாளியின் வாய் அகலம் என்பதால் டியூபில் கொஞ்சம் தண்ணீர் சிந்தினாலும் மட்டம் இறங்குவது கண்ணுக்கே தெரியாது. காற்றுக்குமிழி ஒன்று நின்றாலும் அளவு கெட்டுப்போகும். கடைசியில் முதல் முளைக்கே திரும்பி வந்து ஒத்துப் பாருங்கள்.

இப்போது மூலை. அடிக்கோட்டு முளைகளின் ஆணிகளில் ஆணிக்கொரு டேப்பாக மாட்டுங்கள். பக்கத்து முளையிலிருந்து 12 அடி, எதிர்மூலை முளையிலிருந்து 23 அடி 3 அங்குலம் 7 நூல். இரண்டு டேப்பும் அந்த அளவுகளில் எங்கே ஒன்றையொன்று வெட்டுகிறதோ அதுதான் மூன்றாவது மூலை. அந்தப் புள்ளி முளைத்தலைக்குள் விழுந்தால் அங்கே ஆணி; விழாவிட்டால் முளையைப் பிடுங்கி அடித்து, மட்டமும் திரும்பப் பார்க்கவேண்டும். நாலாவதும் அப்படியே. ஆணி தடிமனாக இருந்தால் டேப் அதன் விளிம்பில் நின்றுவிடும், அதனால் மெல்லிய ஆணியாகப் போடுங்கள்.

3-4-5 (இரண்டு பக்கம் 3 அடி, 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் செங்கோணம்) போதாதா என்பார்கள். மூன்றடி நாலடியில் போட்ட மூலைமட்டத்தில், ஐந்தடிக் கோட்டில் 2 நூல் பிசகினால் 12 அடி தள்ளி அது 10 நூலாக, அதாவது ஒன்றேகால் அங்குலமாக நிற்கும். அதே 2 நூல் முழு மூலைவிட்டத்தில் பிசகினால் 12 அடியில் இரண்டு நூலுக்குச் சற்றுமேல்தான். முக்கோணம் பெரிதாக இருக்கட்டும்.

சரிபார்க்கும்போது இரண்டு மூலைவிட்டமும் சமமென்றால் முடிந்தது என்று பலரும் எழுந்துவிடுவார்கள். முன்பக்கம் 12 அடி, பின்பக்கம் பதினொன்றரை என்று இரு ஓரமும் ஒரே அளவில் குறுகினாலும் மூலைவிட்டங்கள் சமமாகவே வரும்! அதனால் முதலில் எதிரெதிர்ப் பக்கங்கள், பிறகு மூலைவிட்டங்கள். பக்கங்கள் சரி, மூலைவிட்டங்களில் மட்டும் ஓர் அங்குல வித்தியாசம் என்றால், எதிர்ப்பக்க முளை இரண்டையும் சேர்த்து அந்தக் கோட்டின் போக்கிலேயே, நீளமான மூலைவிட்டம் குறையும் திசையில், அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக நகர்த்தவேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் பக்க அளவு கெடும். 2 நூல் வித்தியாசத்துக்குள் வந்தால் விட்டுவிடலாம். அதற்குமேல் துல்லியம் பார்த்தாலும் பில்லர் பெட்டி (கான்கிரீட் ஊற்றும் பலகை அச்சு) அடிக்கும்போது கரைந்துபோகும்.

நாலடிக்கு நாலடிக் குழி என்றால் இந்த முளைகள் நாலும் தோண்டும்போது போய்விடும். அதனால் ஒவ்வொரு கோட்டையும் மூலைக்கு வெளியே நாலடி நீட்டி, இரண்டு சவுக்குக் கட்டையில் ஒரு பலகையைக் குறுக்காக அடியுங்கள். மூலைக்கு இரண்டு வீதம் எட்டுப் பலகை, எல்லாம் ஒரே மட்டம். முளை ஆணியின் மேல் நூல் நிற்கும் இடத்தில் பலகையில் ரம்பத்தால் ஒரு வெட்டு. ஆணி அடித்தால் தட்டுப்பட்டு வளையும், வெட்டு அப்படியே நிற்கும். நூலை விண்ணென்று இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த நூல் காற்றில் ஆடும்.

நூல்கள் வெட்டும் இடத்தில் தூக்குக்குண்டை இறக்கினால் பில்லர் சென்டர். அங்கிருந்து நாலு பக்கமும் இரண்டடி அளந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, நூலைக் கழற்றிவிட்டுத் தோண்டச் சொல்லுங்கள். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டிய குழி அதைவிட ஆழமாகப் போனால் மட்டும் நிறுத்தி இன்ஜினியரைக் கேளுங்கள். அடி கான்கிரீட் போட்டதும் அதே வெட்டுகளில் நூலைத் திரும்பக் கட்டி, பில்லர் கம்பி நிறுத்தும்போது ஒருமுறை, பெட்டி அடிக்கும்போது ஒருமுறை குண்டு விட்டுப் பாருங்கள். லாரி பின்னோக்கி வரும் பக்கத்துப் பலகையில் சிவப்புத் துணி கட்டிவைப்பது நல்லது.