நாலு வருட இடைவெளிக்குப் பின் ஒரு மெர்ச்சண்டைசரின் லிங்க்ட்இன் நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025, திங்கள்

அக்கா மகள் விடாமல் நச்சரித்ததில் இன்று வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் கணக்கு தொடங்கியாயிற்று. அவள் கோவையில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறாள். திருப்பூரில் வேலை வாய்வழியாகத்தான் வரும். ஒரு எக்ஸ்போர்ட்டில் சீட் காலியானால் சாயங்கால டீக்குள் பாதி ஊருக்குத் தெரிந்துவிடும். பையர் ஆர்டரை ஆரம்பம் முதல் கப்பலேறும் வரை பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலையை விட்ட நான்தான் நாலு வருடமாக அந்த டீப் பேச்சில் இல்லையே. சின்னவன் பிறந்தான், பிறகு மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது. பெங்களூரு, குருகிராம் பக்கத்தில் ஆடை வாங்கும் சோர்சிங் டீம்களுக்கு என்னை யாரென்றே தெரியாது. அவர்கள் கண்ணில் பட வேண்டுமென்றால் இதுதான் வழி என்கிறாள்.

சேர்ந்தவுடனே மெயிலில் இருக்கும் முகவரிகளை எல்லாம் ஏற்றட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று தாண்டிவிட்டேன். கேஸ் ஏஜென்சி முதல் பள்ளிக்கூட வேன்காரர் வரை அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் என் பேரில் அழைப்பு போய் என்ன ஆகப்போகிறது?

ஜனவரி 8, புதன்

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம். அதில் பலர் "நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா மகள் சிரிக்கிறாள். "சித்தி, 'வாய்ப்பு'ன்னு போட்டு எந்த எச்.ஆர். தேடுவாங்க? நாங்க வேலை பேரைப் போட்டுத்தான் தேடுவோம்."

நியாயம்தான். நிட்வேர் மெர்ச்சண்டைசர், குழந்தைகள் ஆடை, ஐரோப்பிய பையர்கள், டெக் பேக் (ஆடையின் விவரத் தாள்) முதல் ஷிப்மென்ட் வரை, திருப்பூர். இவ்வளவுதான் போட்டேன், இங்கிலீஷில். 'ஆர்வமிக்க', 'துடிப்பான' ஒன்றும் கிடையாது. லேப் டிப் (சாய நிற மாதிரி), ஃபிட் சாம்பிள் (அளவு மாதிரி), ஏ.க்யூ.எல். (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற அளவுகோல்) இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் திறன்கள் பட்டியலில். தொழில்காரர்கள் தேடும் சொற்கள் அவைதான்.

போட்டோ, மொட்டை மாடிச் சுவர் ஓரம், காலை வெயிலில். கல்யாண ஆல்பத்தில் வெட்டியது வேண்டவே வேண்டாம் என்று உத்தரவு.

ஜனவரி 9, வியாழன்

'என்னைப் பற்றி' பகுதிக்கு 2,600 எழுத்து வரை அனுமதி. ஆனால் திறந்தவுடன் முதல் சில வரிகள்தான் தெரியும், மீதிக்கு 'மேலும்' அழுத்த வேண்டும். யார் அழுத்துவார்கள்? எந்த மாதிரி ஆர்டர் பார்த்தேன், எந்த இடத்தில் என்னை நம்பலாம் என்பதை அந்த முதல் வரிகளிலேயே வைத்துவிட்டேன்.

இடைவெளியை என்ன செய்வது என்றுதான் ராத்திரி ஓடியது. 2022 முதல் 'கேரியர் பிரேக்' என்று தனியாகவே போடும் வசதி இருக்கிறதாம், காரணத்தோடு. குடும்பப் பராமரிப்பு என்று போட்டேன். வேலை செய்த ஆண்டுகளை இழுத்து நீட்டி ஓட்டையை மறைப்பவர்களும் உண்டு. முந்தின கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும் விஷயம் அது.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

ஃபேக்டரிகள் எல்லாம் மூடி, வெளியூர்க்காரர்கள் போய்விட்டதால் ரோடு அகலமாகத் தெரிகிறது. பொங்கல் வைத்து முடித்த பிறகு அக்கா மகள் அனுப்பியிருந்த ஒரு கட்டுரையைப் படித்தேன். இதுவரை அவள் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைப் பிடித்து, "அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தது 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6. அபூர்வமாகப் பார்ப்பவர் மூலம் 27.8. கட்டுரை 1973இல் வந்தது. காரணம் எளிது. நம் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதுச் செய்தி வருவது அந்த வட்டத்துக்கு வெளியே இருந்துதான். 2022இல் சயன்ஸ் இதழில் லிங்க்ட்இன்னிலேயே 2 கோடிப் பேர் வரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. அதிலும் வேலை மாற உதவியது நெருங்கியவர்கள் அல்ல, ஓரளவுக்குத் தெரிந்தவர்கள். மிக மிக லேசாகத் தெரிந்தவர்களும் அவ்வளவாக உதவவில்லை.

படித்து முடித்ததும் பழைய டைரியை எடுத்தேன். வெளிநாட்டு பையருக்காக ஆடை வாங்கித் தரும் பையிங் ஹவுஸிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த, தரம் பார்க்கும் க்யூ.சி. சார். சாயம் போடும் டையிங் லேபில் நிறத்துக்காக என்னோடு மல்லுக்கட்டிய பெண். ஸிப்பர் சப்ளையர். சரக்கைக் கப்பலில் அனுப்பிவைக்கும் ஃபார்வர்டிங் ஆபீஸ் தம்பி. இவர்களில் யார் வீட்டு விசேஷத்துக்கும் நான் போனதில்லை. ஆனால் இவர்கள் ஒவ்வொருவரும் பல ஃபேக்டரிகளுக்குள் போய்வருகிறவர்கள்.

ஜனவரி 18, சனி

அழைப்புகள் அனுப்பத் தொடங்கினேன். கட்டணமில்லாக் கணக்கில் குறிப்புக்கு 200 எழுத்துதான். அதுவும் மாதத்துக்குச் சிலருக்கு மட்டுமே குறிப்போடு அனுப்ப விடுகிறது. ஆகவே யாருக்குக் குறிப்பு வேண்டும் என்று பார்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. என்னைச் சட்டென அடையாளம் தெரியாதவர்களுக்கு மட்டும் எழுதினேன். க்யூ.சி. சாருக்கு: "சார் வணக்கம். நேவி ரோம்பர் ஆர்டரில் ஸ்னாப் பட்டன் புல் டெஸ்ட்டுக்காக ராத்திரி வரை உட்கார்ந்திருந்தோமே, அந்த மெர்ச்சண்டைசர் நான்தான். மறுபடி வேலைக்கு வரப் பார்க்கிறேன்." (ரோம்பர் என்றால் குழந்தைகளின் ஒற்றை ஆடை; பட்டன் பிய்ந்து வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பதுதான் புல் டெஸ்ட்.)

"ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க" என்று யாருக்கும் எழுதவில்லை. அதற்கு "சொல்றேன்ங்க" என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. இந்த நாலு வருடத்தில் பையர் கேட்கும் பேப்பர்களில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டேன். இதற்கு எல்லோருக்கும் புலம்ப நிறைய இருக்கிறது! டையிங் லேப் பெண் நீளமாக எழுதிவிட்டார். ஆர்கானிக் காட்டனுக்கான காட்ஸ் சான்றிதழ் 2024 மார்ச் முதல் ஏழாம் பதிப்புக்கு மாறியதும், நூல் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் காட்டச் சொல்வதும்.

ஜனவரி 27, திங்கள்

முகப்பில் வரும் பதிவுகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒரு வரி, ஒரு காலி இடம், இன்னொரு வரி. இன்டர்வியூவுக்கு லேட்டாக வந்தவனை வேலைக்கு எடுத்தேன், ஏன் தெரியுமா, என்று. சலிப்புதான். என் தொழில்காரர்களை மட்டும் பின்தொடர்ந்து மற்றதை மறைக்கத் தொடங்கிய பிறகு பரவாயில்லை.

நானே பதிவு போடுவதை விட, சரியான இடத்தில் ஒரு கருத்து எழுதுவது மேல் என்று தோன்றுகிறது. சிங்கிள் ஜெர்ஸி என்ற பனியன் துணியைத் துவைத்ததும் தையல் முறுக்கிக்கொள்வது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நூல் முறுக்கு, காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கும் வேலை), எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதினேன். மறுநாள் என் பக்கத்தைப் பார்த்தவர்களில் ஒரு சோர்சிங் மேனேஜர்.

வேலை தேடுகிறேன் என்று போட்டோவைச் சுற்றிக் காட்டும் பச்சை வளையம் போடலாமா என்பதில் வீட்டில் பட்டிமன்றம். வேலை தேடுவதை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டும் வழியும் உண்டு. வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்களுக்கு அது சரி, ஆனாலும் சொந்தக் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இன்னே உறுதி தருவதில்லை. எனக்கு மறைக்க முதலாளி யாரும் இல்லை. போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

வளையத்தின் பக்கவிளைவு: வெளிநாட்டு பிராண்டின் பேரில் ஒரு தகவல். என் தகுதி பிரமாதமாம், வாட்ஸ்அப்புக்கு வரணுமாம், ஆவணச் சரிபார்ப்புக்கு முன்பணமாம். 'இந்த ப்ரொஃபைல் பற்றி' என்று இருப்பதை அழுத்தினால் கணக்கு எப்போது தொடங்கியது என்று காட்டும். போன மாதம்தான். புகார் கொடுத்து பிளாக் செய்தேன். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் வெளிநாட்டு டேட்டா என்ட்ரி வேலை என்று ஒன்றைக் காட்டினான். 2022இல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன நம் ஊர்ப் பையன்கள் மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்டதைச் சொல்லி, ஏஜென்ட் பேர் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா பார் என்றேன். இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

க்யூ.சி. சார் போனிலேயே கூப்பிட்டார். அவரிடம் வேலை இல்லை. அவர் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும் ஒரு பையிங் ஆபீஸில் குழந்தைகள் ஆடைக்கு ஆள் தேடுகிறார்களாம். "உங்க ப்ரொஃபைலை அனுப்பிட்டேன்ங்க, ரோம்பர் கதையையும் சொல்லிட்டேன்." வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இன்டர்வியூ.

கட்டாயம் காஸ்டிங், அதாவது ஆடைக்கு என்ன செலவாகும் என்ற கணக்கு, போடச் சொல்வார்கள். 30ஸ் கோம்ப்டு நூல் கிலோ இப்போது என்ன விலை, நிட்டிங் கூலி என்ன, டாலர் எவ்வளவில் கணக்குப் போடுகிறார்கள், ஃபார்வர்டிங் தம்பியிடம் கடல் சரக்குக் கட்டணம். காலையில் முதல் வேலையாக இவற்றைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.