உதட்டசைவுக்கு ஏற்ற சொல்

விளம்பர நிறுவனங்களில் தமிழ் எழுதுகிறவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. பெரும்பாலும் அது ஜன்னலை விட்டுத் தள்ளி, ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். மும்பையில் இந்தியில் யோசித்து, இந்தியில் எழுதி, படமும் எடுத்து முடித்த விளம்பரம் கடைசியாக அந்த நாற்காலிக்கு வந்து சேரும். நடிப்பவரின் உதட்டசைவு மாறாமல், முப்பது வினாடிக்கு ஒரு வினாடிகூட மிகாமல், அதற்குள் தமிழை இட்டு நிரப்ப வேண்டும். தமிழில் முதுகலை முடித்துவிட்டு 2004இல் சென்னையில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். பதினாறு ஆண்டுகளில் தேயிலைக்கும் சலவைத்தூளுக்கும் வீட்டுக்கடனுக்கும் எழுதிய வரிகளில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. நினைவில் இருப்பவை எல்லாம் ஒரு சரும க்ரீமுக்காக எழுதியவை. அந்தக் க்ரீமின் பெயர் இங்கே வேண்டாம்; அந்தச் சந்தையில் இருந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

'சிவப்பழகு' என்பது நான் உருவாக்கிய சொல் அன்று. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் சந்தைக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சிவப்பழகு ஊரறிந்த சொல்லாகிவிட்டிருந்தது. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் யாரும் தமிழில் 'பெண் வெள்ளை' என்று சொல்வதில்லை. 'சிவப்பு' என்பார்கள், 'நல்ல கலர்' என்பார்கள், எலுமிச்சம்பழத்தைத் துணைக்கு அழைப்பார்கள். மறுபக்கத்தில் 'மாநிறம்' இருக்கிறது. அதற்கும் கீழே போனால் 'நிறம் கொஞ்சம் கம்மி'. இந்தக் 'கம்மி' என்ற சொல்லை நான் பல நாள் யோசித்ததுண்டு. நிறம் என்பது படியால் அளந்து கொடுக்கப்படும் பண்டம் போலவும், எங்களைப் போன்றவர்களுக்கு அளக்கும்போது மூட்டை தீர்ந்துவிட்டது போலவும் அந்தச் சொல் பேசுகிறது. 'எங்களைப் போன்றவர்கள்' என்றது தெரிந்தேதான். நான் கருப்பு, என் அம்மா என்னைவிடக் கருப்பு.

அந்தக் க்ரீமுக்கு நான் முதலில் செய்தது டப்பிங் வேலை. இந்தியில் அந்தப் பெண் 'கோராபன்' (வெளிர்நிறம்) என்று சொல்லும் இடம் அண்மைக் காட்சி. முகம் திரை முழுவதையும் அடைத்திருக்கும். ப, ம போன்ற ஒலிகளுக்கு உதடு ஒட்டியாக வேண்டும் என்பதால் அந்த மாதிரி இடங்கள்தான் எங்களுக்குப் பெரும் தொல்லை. கோராபனில் மூன்றாவது எழுத்தில் உதடு ஒட்டுகிறது. 'சிவப்பு' என்ற சொல்லிலும் மூன்றாவது எழுத்தில் ஒட்டுகிறது. வடபழனியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் இதைக் கண்டுபிடித்த அன்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தி, "மேடம், லிப் அப்படியே உக்காருது" என்றார். அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி தொழில் தெரிந்தவளின் மகிழ்ச்சி. அதில் பொய் எதுவும் இல்லை. வாக்கியத்தின் பொருள் என்ன என்ற கேள்வி அந்த அறைக்குள் வரவே இல்லை. விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "நீ எழுதினதா? நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

சில ஆண்டுகள் கழித்து, தென்மாநிலங்களுக்கென்று தனியாக ஒரு படம் சென்னையிலேயே எடுக்க முடிவாயிற்று. வேலை கிடைக்காத பெண், க்ரீம், ஆறு வாரம், வேலை கிடைத்த பெண் என்பதுதான் கதை. நடிகர் தேர்வுக்கு அனுப்பிய தாளில் வயது, உயரம், மொழி என்பவற்றோடு நிறத்துக்கும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பொருட்படுத்தாமல், அல்லது அது தன் கண்ணில் படாமல், வில்லிவாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கல்லூரி நாடகங்களில் நடித்தவள். நான் எழுதிய நேர்முகத்தேர்வுக் காட்சியை அவள் பேசியபோது, அந்த வசனத்தில் இவ்வளவு இருந்ததா என்று எனக்கே வியப்பாக இருந்தது. படத்தின் முதல் பாதிக்கு வேண்டியது ஒரு கருப்பான பெண்; வந்திருப்பவள் கருப்பான பெண்; நன்றாகவும் நடிக்கிறாள். விவரம் தெரியாதவளாக, "இவளையே போடலாமே" என்று சொல்லிவிட்டேன். இயக்குநர் என்னைக் கேலி செய்யவில்லை; பொறுமையாகவே கேட்டார்: "அப்போ கடைசி ஷாட்டுக்கு என்னம்மா பண்றது?"

அந்தக் கேள்வியோடு அறை அமைதியானது. க்ரீமால் அந்தக் கடைசி ஷாட் வரைக்கும் யாரையும் கொண்டுபோக முடியாது என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது என்பதைத் தவிர, அந்த அமைதிக்கு வேறு பொருள் கிடையாது. அந்தப் பெண்ணிடம் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினோம். கூப்பிடவில்லை.

படப்பிடிப்பு நாளன்று ஒன்றைக் கவனித்தேன். பயன்படுத்திய பிறகு வரும் காட்சியைத்தான் காலையில் முதலில் எடுத்தார்கள். மும்பையிலிருந்து வந்திருந்த மாடலின் முகம் அப்போது கழுவித் துடைத்த முகம். விளக்குகளுக்கு அது போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒப்பனைக்காரர் மூன்று படி அடர்ந்த ஃபவுண்டேஷனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம், கழுத்து, காதுமடலின் பின்புறம், புறங்கை எல்லாவற்றிலும் பஞ்சால் ஒற்றி ஒற்றித் தடவினார். விரலிடுக்குகளை மறந்துவிட்டு மறுபடி வந்து அவற்றுக்கும் தடவினார். விளக்கு ஒன்றை அணைத்தார்கள். மாலை நான்கு மணிக்கு அவள் கருப்பானாள். நாடு முழுக்கப் பல ஆண்டுகள் பார்த்த அந்தப் பயணம் படப்பிடிப்புத் தளத்தில் தலைகீழாக நடப்பது: காலையில் சிவப்பு, மாலையில் கருப்பு. பிறகு தொகுப்பு அறையில் ஒட்டும்போது வரிசையை மாற்றிவிடுவார்கள். நம் சினிமாவில் கல்லுடைக்கும் பெண்ணாகவோ மீன் விற்கும் பெண்ணாகவோ நடிக்க வெளிர்நிறக் கதாநாயகியை அழைத்து வந்து கரி பூசுகிற வழக்கத்தை நான் முன்பே கிண்டல் செய்திருக்கிறேன். கருப்புக்கென்று ஒரு வேடம் இருந்தும் அது கருப்பானவர்களுக்குக் கிடைக்காது என்ற ஏற்பாட்டுக்கு நானே வசனம் எழுதுகிறேன் என்பது, ஈரத்துணியால் அந்த மாடலின் கையை உதவியாளர் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

உறைத்த பிறகும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வேலை பார்த்தேன். அதை மறைப்பதில் பயனில்லை.

எதிர்ப்பு வெளியே இல்லாமல் இல்லை. நான் சேருவதற்கு முன்பே, அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இவ்வகை விளம்பரங்கள் மீது புகார் கொடுத்து, 2003இல் சிலவற்றை நிறுத்தவும் வைத்திருந்தது. எங்கள் ஊரிலேயே 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம் சருமப் பொருள்களுக்கென்றே நெறிமுறைகளை வெளியிட்டது. கருமையால் திருமணமோ வேலையோ பதவி உயர்வோ கைகூடாமல் போவதாகக் காட்டக் கூடாது; பயன்படுத்துவதற்கு முந்தைய காட்சியில் முகம் வாடியோ சோர்ந்தோ இருக்கக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் ஒரு விதி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அது ஒரு சரிபார்ப்புப் பட்டியலாக மாறும். அப்பாவின் பெருமூச்சை எடுத்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் போனார்கள். அவர்கள் இடத்துக்குத் 'தன்னம்பிக்கை' வந்தது. மங்கிய வெளிச்சத்தில் நிற்கும் முதல் காட்சிப் பெண் இப்போது புன்னகை செய்தாள். ஏன் புன்னகை செய்கிறாள் என்று கதையில் காரணம் எதுவும் இல்லை. மன்றம் கேட்டால் காட்டுவதற்காகச் செய்தாள்.

இந்தப் பார்வை மொழிக்குள்ளேயே இருப்பதற்கு எனக்கு நெருக்கமான சான்று ஓர் உம்மை, அதாவது சொல்லின் கடைசியில் வரும் 'உம்'. 'கருப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று நம் வீடுகளில் சொல்வது பாராட்டு; சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார், கேட்பவளும் சிரித்துக்கொள்கிறாள். ஆனால் அந்த 'இருந்தாலும்' தன் வேலையைப் பாராட்டு தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுகிறது. இலக்கண வகுப்பில் உம்மையின் வகைகளைப் படித்தபோது, இழிவு சிறப்பும்மைக்குச் சொல்லித்தரும் பழைய எடுத்துக்காட்டே ஒரு சாதியை இழிவின் எல்லையாக வைத்துப் பேசுவது என்பதை நான் கவனித்ததே இல்லை. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன். நிறத்தைப் பற்றிப் பேசும்போது சாதியைப் பேசாமல் பேசிவிடலாம் என்ற வசதி நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. விளம்பரத்தில் அந்த உம்மைக்கு மரியாதையான இடம் உண்டு: 'என் நிறம் எப்படி இருந்தாலும்' என்று தொடங்கும் வரி ஒன்றை நானே எழுதி, அதற்காகப் பாராட்டும் பெற்றேன்.

ஒரே ஒரு முறை எதிர்த்திசையில் முயன்று பார்த்தேன். சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகு மாமை, மாந்தளிரின் நிறம். பிரிவுத் துயரில் அது வெளிறிப் பசலையாவதுதான் நோய். வெளிறுவதை நோய் என்று சொன்ன மொழியில் வெளுப்பதற்கு மருந்து விற்கிறோமே என்று ஒரு கூட்டத்தில் கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். வாடிக்கையாளர் தொடர்பு மேலாளர் ஆர்வத்தோடு குறித்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும், "மாந்தளிர் லைன் அருமை மேடம், பட்டுப்புடவைக்கு வச்சுக்கலாம்" என்றார்.

பிறகு 2020 வந்தது. மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத் தெருவில் கருப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸாரால் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த போராட்டங்களின் வெப்பம் அமெரிக்கப் பலசரக்குக் கடைகளின் அலமாரிவரை எட்டியது. அடிமைக் காலத்துச் சமையல்காரியின் உருவத்தை நூறாண்டுக்கு மேலாக அப்பமாவுப் பெட்டியின் மேல் சுமந்த 'ஆன்ட் ஜெமைமா' பெயரை விலக்கப்போவதாக ஜூனில் குவேக்கர் ஓட்ஸ் அறிவித்தது. அதே மாதம் ஜான்சன் அண்ட் ஜான்சன், நிறத்தை வெளிறச் செய்வதாக விற்ற சில பொருள்களை நிறுத்தியது. வரன் தேடும் இணையதளமான ஷாதி.காம் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. ஜூன் 25 அன்று இந்துஸ்தான் யூனிலீவர் தன் ஃபேர் அண்ட் லவ்லி க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுப்பதாகச் சொல்லி, ஒரு வாரத்தில் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று அறிவித்தது. பெட்டியின் மேலிருந்த இரட்டை முகத்தையும் நிற அளவுகோலையும் முந்தைய ஆண்டே எடுத்துவிட்டிருந்தது. ஆண்களுக்கான க்ரீமில் 'க்ளோ' என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்று அந்நிறுவனமும் போட்டி நிறுவனமான இமாமியும் உடனே நீதிமன்றப் படி ஏறின. சென்னையில் பதினோரு ஆண்டுகள் சொல்லியும் அசையாத ஒன்று மினியாபொலிஸ் சொன்னதும் அசைந்தது. எங்களுக்கு எப்போதும் எல்லாம் வெளியூரில் எடுத்து முடித்த பிறகே வந்து சேரும். இந்த மாற்றமும் டப்பிங்குக்குத்தான் வந்தது.

எங்கள் வாடிக்கையாளரிடமிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டு பத்திகளுடன் ஓர் அட்டவணை இருந்தது. இடப்பக்கம் நீக்க வேண்டிய சொற்கள், வலப்பக்கம் பதிலாக இட வேண்டியவை. சிவப்பழகுக்கு எதிரே 'பொலிவு'. ஊரடங்கு காலம், வீட்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளில் தேடி மாற்றினேன். ஓடிக்கொண்டிருந்த பழைய படத்தையே வைத்துக்கொண்டு குரலை மட்டும் மாற்றச் சொன்னார்கள். 'பொலிவு' என்ற சொல்லில் உதடு முதல் எழுத்திலேயே ஒட்டிவிடுகிறது. படத்தில் உள்ள உதடோ இன்னும் பழைய சொல்லுக்குத்தான் ஒட்டுகிறது. எத்தனை விதமாக எழுதிப் பார்த்தும் சரியாக உட்காரவில்லை. அந்தப் பெண் பொலிவு என்று பேசியபோதும் வாய் சிவப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வேலையை விட்டேன். பெரிய கொள்கைப் பிரகடனம் எதுவும் செய்யவில்லை; சம்பளத்தைக் குறைத்தார்கள் என்பதும் ஒரு காரணம்.

இப்போது வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு நடிகர் தேர்வுத் தாளைச் சரிபார்க்க அனுப்பினார்கள். காலம் மாறியிருப்பது அதில் தெரிந்தது: மணப்பெண் 'டஸ்கி'யாக, அதாவது மாநிறமாக, இருக்கலாம் என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே, 'ஆனாலும் முகவெட்டு எடுப்பாக, பிரீமியமாக இருக்க வேண்டும்'. சமையல் செய்யும் பெண்ணுக்கு 'நேட்டிவ் லுக்'. நிறம் குறித்த மூன்று வரிகளையும் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பி அனுப்பினேன். அந்த அலுவலகத்துப் பையன் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, அந்த இடத்துல என்ன போடணும்?" என்று கேட்டான். ஒன்றும் போட வேண்டாம், வெறுமையாகவே அனுப்பு என்றேன். அப்படி அனுப்பினால் யார் யாரோ வந்துவிடுவார்களே என்று தயங்கினான். வரட்டும் என்றேன். இருபத்தாறு பேர் வந்தார்கள். இயக்குநருக்கு ஒரு நாள் கூடுதலாகச் செலவானது, அதற்காக என் மேல் இன்னும் கோபமாக இருக்கிறார்.