சர்க்கரை அளவைக் கேட்காத விதி

அமெரிக்காவில், முன்னாள் படைவீரர்களின் இயலாமை இழப்பீட்டு மேல்முறையீடுகளை நடத்தும் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில், மருத்துவப் பதிவேடுகளைப் படித்து வழக்கறிஞருக்குச் சுருக்கம் எழுதித் தருவது என் வேலை. எங்களிடம் வரும் கோப்புகளில் கணிசமானவை சர்க்கரை நோய் தொடர்பானவை. அவற்றிலும் பெரும்பாலானவை வியட்நாம் போரில் பணியாற்றி, இப்போது எழுபது வயதைக் கடந்துவிட்டவர்களுடையவை.

இதற்குக் காரணம் உண்டு. 1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படைகள் வியட்நாம் காடுகளின் மீது சுமார் 2 கோடி காலன் களைக்கொல்லியைத் தெளித்தன. அதில் பெரும்பகுதியான ஏஜென்ட் ஆரஞ்ச் மருந்தில் டயாக்ஸின் என்ற நச்சு கலந்திருந்தது. 1991இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. 2001இல் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் அதன் கீழுள்ள நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன்பின், குறிப்பிட்ட காலத்தில் வியட்நாமில் இருந்தவருக்கு இந்த நோய் வந்தால், அது படைப்பணியால் வந்தது என்றே சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை இருந்தது, இவர் எவ்வளவு பருமனாக இருந்தார் என்ற கேள்விகளால் அந்த அனுமானம் எளிதில் சரிவதில்லை. ஆகவே சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்தது: அவர் உண்மையில் அங்கே இருந்தாரா? கரையில் கால் பதிக்காமல் கப்பலிலேயே பணியாற்றிய கடற்படையினரை விலக்கிவைத்த விளக்கத்தை 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2019 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதை மாற்றியது. அவ்வாண்டே நிறைவேறிய ஒரு சட்டம், கரையோர எல்லையிலிருந்து 12 கடல் மைல் வரை பணியாற்றியவர்களையும் 2020 ஜனவரி 1 முதல் உள்ளே கொண்டுவந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் தாய்லாந்துத் தளங்களில் இருந்தவர்களுக்கும் வழி திறந்தது. எனவே மருத்துவக் குறிப்புகளுக்கு இணையாக, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கப்பல் நாட்குறிப்புகளையும் நான் படிக்க வேண்டியிருக்கிறது. எந்த நாளில் கப்பல் எந்த வளைகுடாவில் நங்கூரமிட்டது என்பதை மட்டும் அவற்றில் தேடுவேன்.

இந்தக் கட்டம் தாண்டிய பிறகு வரும் சிக்கல்தான் பெரியது. நோய் படைப்பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டாலும், அது எத்தனை சதவீத இயலாமை என்று முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் சர்க்கரைக்காரரைப் பார்த்ததும் கேட்பது, சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்றுதான். இந்தச் சதவீதத்தை முடிவு செய்யும் விதியில் அந்த எண்கள் எதற்கும் இடமில்லை. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டுமே நோய் கட்டுப்பட்டால் 10 சதவீதம். அதோடு மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்தால் 20. இன்சுலின், உணவுக் கட்டுப்பாடு, அவற்றோடு செயல்பாடுகளையும் கட்டுப்படுத்தியே ஆக வேண்டிய நிலை என மூன்றும் இருந்தால் 40. அதற்கு மேல் உள்ள 60, 100 ஆகிய படிகளுக்கு, சர்க்கரை தாழ்ந்தோ ரத்தத்தில் அமிலம் மிகுந்தோ மருத்துவமனையில் சேர்ந்த கணக்கோ, அடிக்கடி மருத்துவரைப் பார்த்த கணக்கோ, அதோடு பிற சிக்கல்களும் வேண்டும்.

20க்கும் 40க்கும் நடுவில்தான் பெரும்பாலான மேல்முறையீடுகள் சிக்கிக்கொள்கின்றன. செயல்பாடுகளைக் கட்டுப்படுத்துவது என்றால், கடினமான வேலையையும் கடினமான பொழுதுபோக்கையும் சர்க்கரை நோயின் பொருட்டு ஒருவர் தவிர்த்தாக வேண்டும் என்பது விதியின் விளக்கம். அதற்கு மருத்துவச் சான்று இருந்தே ஆக வேண்டும் என்று 2007இல் ஒரு தீர்ப்பு உறுதிசெய்தது. நோயாளி தானே சொன்னால் போதாது. ஆனால் இன்றைய மருத்துவர் எவரும் சர்க்கரை நோயாளியை உடலை அசைக்காதே என்று சொல்வதில்லை, தினமும் நட என்றுதான் சொல்கிறார். நான் சுருக்கம் எழுதிய ஒரு கோப்பில், கூரை வேய்வதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர், ஏணியில் நிற்கும்போது சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றியதால் அந்த வேலையையே விட்டிருந்தார். அவருடைய பதிவேட்டில் இருந்ததோ, ஒவ்வொரு வருகையின் முடிவிலும், உடற்பயிற்சி செய்ய ஊக்கப்படுத்தப்பட்டார் என்ற ஒரே வரி. மருத்துவர் நல்லெண்ணத்தோடு எழுதிய அந்த வரியே அவருக்கு 40 மறுக்கப்படுவதற்குப் போதுமான காரணமாகிவிட்டது. விதியை எழுதியவர்கள் நினைத்த நோயாளி வேறு, இன்றைய மருத்துவமனையில் காத்திருக்கும் நோயாளி வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் புதிய ஊசிகளும் இதே கதைதான். அவை இன்சுலின் அல்ல என்பதால், விதியின் கண்ணில் அவற்றுக்கு ஊசி என்ற தகுதி கிடையாது.

இதனால், 40ஐத் துரத்தி ஆண்டுக்கணக்கில் வழக்காடுவதைவிடக் கால்களைப் பார்ப்பது மேல் என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். சர்க்கரை நோயால் வரும் சிக்கல்கள் இழப்பீட்டுக்குரிய அளவில் இருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிட அதே விதி இடம் தருகிறது. பாதம் மரத்துப் போவதையும் இரவில் எரிவதையும் வயதானால் அப்படித்தான் என்று ஒதுக்கிவிட்டு, விண்ணப்பத்தில் ஒரு சொல்லும் எழுதாமல் விட்டவர்கள் அநேகர். நரம்புப் பாதிப்பு இரு கால்களிலும் மிதமானது என்று நிறுவப்பட்டால் ஒவ்வொரு காலுக்கும் 20 சதவீதம் கிடைக்கும். சர்க்கரைக்கான 20ஐச் சேர்த்தால் 60 ஆகுமே என்று கேட்பார்கள், ஆகாது. முதல் 20 போக எஞ்சிய 80இல் அடுத்த 20 சதவீதம், அதன் பிறகு எஞ்சியதில் இன்னொரு 20 சதவீதம் என்று கணக்கிட்டு, வருவதைப் பத்தின் மடங்குக்குச் சரிசெய்தால் 50 நிற்கும். அது 40ஐவிட அதிகம். தவிர, மொத்தம் 30ஐத் தொட்டால்தான் மனைவிக்கான கூடுதல் தொகை சேரும் என்பதால், தனியே 20இல் நிற்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு மாதந்தோறும் தெரியும்.

சிறுநீரகப் பாதிப்பு என்றால் வாதம் கடினமாகிவிடும். 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தக் கொதிப்பையும் நோய்ப் பட்டியலில் சேர்க்கும்வரை அதற்கும் இதே நிலைதான். சர்க்கரை கண்டறியப்படுவதற்கு முன்பே சிறுநீரகப் பாதிப்பு இருந்திருந்தால், சர்க்கரை அதை உண்டாக்கவில்லை என்று அரசுத் தரப்பில் பரிசோதித்த மருத்துவர் எழுதிவிடுவார். அதை மோசமாக்கியதா என்பது தனிக் கேள்வி. சட்டம் அதையும் கேட்கச் சொல்கிறது, ஆனால் பல அறிக்கைகள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துச் சுட்டுவதுதான் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எங்கள் தரப்பு மருத்துவர்களும் குறைந்தவர்கள் அல்லர். தொடர்பு இருக்கலாம் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தருவார்கள். சாத்தியம் பாதிக்குப் பாதி இருந்தாலே சந்தேகத்தின் பலன் படைவீரருக்குத்தான் என்றிருக்கும்போது, அந்தப் பாதியைக்கூடக் காரணத்தோடு எழுதித் தராத கடிதம் கோப்பைப் பருமனாக்க மட்டுமே உதவும்.

2019 பிப்ரவரி முதல், மறுக்கப்பட்டவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: புதிய சான்றோடு துணை விண்ணப்பம், புதிய சான்று எதுவுமின்றி மூத்த அலுவலரின் மறுபரிசீலனை, படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்திடம் மேல்முறையீடு. ஓராண்டுக்குள் தேர்ந்தெடுத்தால் பழைய விண்ணப்பத் தேதி கைவிட்டுப் போகாது. சர்க்கரை வழக்குகளில் குறைவது பெரும்பாலும் மருத்துவரின் விளக்கமே என்பதால் துணை விண்ணப்பமே பொருத்தம் என்பேன். இதில் எங்கள் வழக்கறிஞருக்கும் எனக்கும் ஒத்துப்போகாத நாட்கள் உண்டு.

வழக்கு நடக்கும்போதே படைவீரர் இறந்துவிடுவதும் சாதாரணம். மனைவி ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அவருடைய இடத்தில் நின்று அதே வழக்கைத் தொடரலாம். கணவரின் மரணத்துக்கான தனி இழப்பீட்டுக்கோ, படைப்பணியால் வந்த நோய் அந்த மரணத்துக்கு முக்கிய காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருந்திருக்க வேண்டும். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று மட்டும் இருந்தால், துணை நோய்களை எழுதும் இரண்டாம் பகுதியில் சர்க்கரை நோய் விடுபட்டிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். விடுபட்டிருந்தால், கடைசி ஈராண்டு சிறுநீரக, இதயப் பரிசோதனை முடிவுகளை வரவழைத்து, அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்கிறோம்.