ஒஷ்கோஷிலிருந்து வரும் படங்கள்

ஜூலை 21, ஞாயிறு
அமெரிக்காவில், ஒஷ்கோஷில் நடக்கிற விமானக் கண்காட்சிக்குத் தம்பி ரொறன்ரோவிலிருந்து வெளிக்கிட்டுவிட்டான். இரவிரவாகக் கார் ஓட்டப் போகிறானாம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 23, செவ்வாய்
விடிய நாலரைக்குப் படங்கள் வந்து விழுந்தன. அங்கே மாலை ஆறு. ஒஷ்கோஷ் புல்வெளி முழுக்கச் சின்னச் சின்ன விமானங்கள், செட்டைக்குக் கீழே கூடாரம் அடித்து ஓட்டிகள் படுத்துக் கிடக்கிறார்கள். இறங்க வருகிறவர்கள் ரேடியோவில் பதில் பேசக் கூடாதாம். சொன்னது கேட்டால் செட்டையை ஆட்டிக் காட்ட வேண்டும்.

மஞ்சள் நிறப் பைப்பர் கப் விமானம் ஒன்றைக் கிட்ட நின்று எடுத்திருக்கிறான். கண்ணாடிக்கு முன்னால், எண்ணெய்த் தாங்கியின் மூடி வழியாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. கம்பியின் அடியில் தக்கை மிதக்கிறது. எண்ணெய் குறையக் குறையக் கம்பி தாழும். அவ்வளவுதான் மானி. அப்பா வெகுநேரம் பார்த்தார். "பழுதாக என்ன இருக்கு இதில," என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல சொல்.

பிறகு, "சிப்மங்க் பிளேன் நிக்குதா எண்டு கேள்."

ஜூலை 24, புதன்
ரிப்போட் இன்றும் வரவில்லை. கச்சான் காற்று யன்னலைப் போட்டு அடிக்கிறது.

ஜூலை 25, வியாழன்
பின்னேரம் முழுக்க அப்பா சிப்மங்க் பற்றியே பேசினார். 1951இல் இலங்கை விமானப்படை தொடங்கியபோது முதலில் வந்தது அதுதான். திருகோணமலைச் சீனக்குடாவில் அவர் வேலை பார்த்ததும் அதில்தான். உடம்பு தகரம், ஆனால் செட்டையின் பின்பாதியும் சுக்கானும் துணி. துணியை இழுத்துத் தைத்து டோப் என்கிற பூச்சைப் பூசினால் காய்ந்து பறைத்தோல் மாதிரி இறுகும். அந்த டோப் மணத்தோடுதான் அவர் வீட்டுக்கு வருவார். அம்மா சட்டையைத் தனியாக ஊறப்போடுவா.

சிப்மங்க் 1946இல் முதன்முதல் பறந்தது ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் என்று தம்பி சொன்னான். இத்தனை வருடம் அந்த ஊரில் இருக்கிறான், இப்போதுதான் தேடிப் பார்த்திருக்கிறான். அப்பாவின் கண் கலங்கிவிட்டது.

பக்கத்துக் கட்டில் ஐயாவும் சேர்ந்துகொண்டார். 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரன் சீனக்குடாவில் குண்டு போட்டபோது அவருடைய தாய் கைப்பிள்ளையோடு காட்டுக்குள் ஓடினாவாம். அவர் அதற்குப் பிறகு விமானம் பற்றி எதுவும் கேட்கவில்லை, திரும்பிப் படுத்துவிட்டார்.

சிப்மங்க் இன்னும் கிடைக்கவில்லை. லோங் ஈஸி என்கிற விமானத்தின் படம் அனுப்பினான். ஆள் ஏறாத நேரம் முன்சக்கரத்தை மடித்து மூக்கைத் தரையில் ஊன்றி நிற்கிறது. எஞ்சின் பின்னால் இருப்பதால், அப்படி விடாவிட்டால் பின்பக்கம் சாய்ந்துவிடும்.

அப்புறம் எர்கூப். 1940களின் விமானம், வாலில் இரண்டு சுக்கான். காலால் மிதிக்க ஒன்றுமே இல்லை, எல்லாம் கைச்சக்கரத்தில். சுழன்று விழாதபடி செய்தது. அப்பா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இதெண்டா நான் ஓட்டுவன்."

போர்வைக்குக் கீழே அவர் கால்களைப் பார்க்காமல் தேத்தண்ணி எடுக்கப் போனேன்.

ஜூலை 26, வெள்ளி
ஸ்கான் எடுத்தவர்கள் ஒன்றும் சொல்கிறார்கள் இல்லை. மிஸ்ஸியிடம் கேட்டேன், டொக்டரிடம் கேட்கச் சொன்னா. டொக்டர் வரவில்லை. இரவு முழுக்க ஒரே நினைவு: இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாவிட்டால் மாடி வீட்டில் எப்படி? எந்த அறையை ஒழிப்பது? யார் தூக்குவது?

ஜூலை 27, சனி
கிடைத்துவிட்டது! சிப்மங்க், அதுவும் இரண்டு.

அப்பா விரலால் படத்தைப் பெருப்பித்துச் சுக்கானுக்குப் போனார். ஓரம் பல்லுப் பல்லாக வெட்டிய நாடா, தையலை மூடி வரிசையாக ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். "நேர்," என்றார். மேலிருந்து மூன்றாவதில் நின்று, "இது கொஞ்சம் அவசரத்தில ஒட்டினது. அடிப்பக்கம் எடுக்கச் சொல்லு பிள்ளை."

தம்பி அந்த நேரம் நித்திரை. எழுப்பினேன்.

ஜூலை 28, ஞாயிறு
ரிப்போட் வந்தது. கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். விடிய ஐந்துக்கு அம்புலன்ஸ். சின்னம்மாவை வீட்டுச் சாவி வாங்க வரச் சொல்லியிருக்கிறேன்.