இலை ஏன் நீலமாக இருக்கிறது?

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால்காரி' படத்துக்கு முன்னால் எப்போதும் கூட்டம். அதே கூடத்தில் இருக்கும் அவருடைய 'சிறிய தெரு'வுக்கு அவ்வளவு மவுசு இல்லை. இடிபட மனமில்லாமல் நான் அதன் முன்னால் போய் நின்றேன். 1658 வாக்கில் வரைந்தது, ஒன்றரை அடி அகலம்கூட இருக்காது. செங்கல் வீடு, வாசலில் உட்கார்ந்து தைக்கும் பெண், சந்தில் குனிந்து வேலை செய்யும் இன்னொருத்தி, நடைபாதையில் விளையாடும் இரண்டு பிள்ளைகள். எல்லாம் சரி. இடது ஓரத்துக் கொடியின் இலைகள் மட்டும் நீலமாக இருந்தன.

"அண்ணா, கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க" என்றான் தம்பி. அவன் அங்கே வேலைக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. துடைத்துப் பார்த்தேன். நீலமேதான்.

விஷயம் இதுதான். வெர்மீர் வைத்தது பச்சை. நீலத்தோடு மஞ்சளைக் கலந்த பச்சை. அந்த மஞ்சள் செடியிலிருந்து எடுத்த சாயம். சாயத்தண்ணீரில் படிகாரமோ சுண்ணாம்போ சேர்த்தால் நிறம் அடியில் தூளாகத் தங்கும், அதை எடுத்துக் காயவைத்து அரைப்பார்கள். மலிவு, ஆனால் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். நீலமோ ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல். கடல் தாண்டி வந்ததால்தான் அதற்கு அல்ட்ராமரீன் என்று பெயர். மூன்றரை நூற்றாண்டில் மலிவான மஞ்சள் கழன்றுகொண்டது, விலை கொடுத்து வாங்கிய நீலம் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

டச்சுக்காரர்கள் அந்த மஞ்சளை 'ஸ்கீட்கேல்' என்பார்கள். வெளுத்துப்போகும் மஞ்சள் என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. அந்தச் சாயத்துக்காகக் காய்ச்சிய ஒருவகைப் பழத்தைத் தின்றால் பேதியாகும், பெயரே அதிலிருந்துதான் வந்தது என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

மறுநாள், வர்ணத்தூள் அரைக்கும் ஆலையைப் பார்க்க, காற்றாலை ஊரான ஸான்ஸ ஸ்கான்ஸுக்கு ரயில் ஏறினோம். இறங்கியதுமே காற்றில் கோகோ வாசனை, பக்கத்தில் தொழிற்சாலை. பாலத்தைத் தாண்டினால் ஆற்றங்கரையில் வரிசையாகக் காற்றாலைகள். எல்லோரும் படம் எடுத்துவிட்டுப் பாலாடைக்கட்டிக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது 'தி கத்', அதாவது பூனை. 1646இல் எண்ணெய் ஆலையாகத் தொடங்கி, 1782இல் எரிந்து, திரும்ப எழுந்த ஆலை. 1960இல் வேறொரு பழைய வர்ண ஆலையின் மேற்பாகத்தைக் கொண்டுவந்து இதன்மேல் பொருத்தினார்கள். இன்றைக்கும் காற்றில் ஓடி வர்ணத்தூள் அரைக்கிறது.

உள்ளே முதலில் காதுதான் வேலை செய்தது. மேலே மரப்பல் சக்கரங்கள் கடகடக்க, தரையே அதிர்கிறது. நடுவில் செங்குத்தாக நிறுத்திய இரண்டு பெரிய கல் சக்கரங்கள் வட்டமாக உருண்டு தூளை நசுக்குகின்றன. நம் ஊரில் காளை பூட்டிச் சுண்ணாம்புக் காரை அரைத்தார்களே, அதே வேலை. இங்கே காளைக்குப் பதில் காற்று. உத்தரம், படி, சட்டம் என்று எல்லாவற்றின் மேலும் மெல்லிய தூள். ஏணிப்படியில் ஏறி வெளித்தளத்துக்குப் போனால் இறக்கை முகத்துக்கு நேரே வீசிக்கொண்டு போகிறது. தம்பி இறங்கிவிட்டான்.

எதையும் நைஸாக அரைத்தால் நல்லது என்றுதான் நினைத்திருந்தேன். லாபிஸ் அப்படியில்லை, ரொம்ப அரைத்தால் நீலம் சோகை பிடித்துவிடும். அரைத்த தூளை ஓவியன் வீட்டுப் பையன் ஆளிவிதை எண்ணெய் விட்டு, தட்டைக் கல்லில் குழவியால் மறுபடி இழைப்பான். அந்த எண்ணெயை ஆட்டும் ஆலையும் இதே கரையில் இருக்கிறது.

கீழே கடையில் சின்னக் குப்பியில் அல்ட்ராமரீன் வாங்கினேன். விலை பயமுறுத்தவில்லை, காரணம் அது கல் இல்லை. 1824இல் பிரான்ஸில் செயற்கை நீலத்துக்கு 6000 பிராங்க் பரிசு அறிவித்தார்கள், 1828இல் கிமே என்பவர் அதை வென்றார். அதற்கப்புறம் நீலம் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அம்மா வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப்பொடியும் இதே சரக்குதான்.

மாலையில் மழை. நகருக்குத் திரும்பி, ஹைலிகவெக் கடைத்தெருவில் ஒரு கல் வாசலுக்கு அடியில் ஒதுங்கினோம். ஒதுங்கினோம் என்பது பொய், அதைப் பார்க்கத்தான் போனேன். 1596இல் தொடங்கிய ராஸ்ப்ஹாய்ஸ் சிறையின் வாசல் அது. உள்ளே கைதிகள் இருவர் இருவராக, பல அலகுகள் கொண்ட அரத்தால் பிரேசில் மரத்தை ராவித் தூளாக்கினார்கள். இரும்பு மாதிரி மரம். அந்தச் சிவப்புத்தூள் துணிக்குச் சாயமானது, ஓவியனுக்கு மலிவான ரோஜா வர்ணமும் ஆனது. அதுவும் வெளுக்கிற ஜாதிதான். காசு கொடுத்து இந்தக் காட்சியைப் பார்க்க ஊர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள்.

அந்த மரத்தின் உறவு நமக்கும் தெரியும். கேரள ஓட்டல்களில் இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் வைப்பார்களே, அந்தப் பதிமுகம். பிரேசில் நாட்டைக் கண்டுபிடிக்கும் முன்பே இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போன இந்த மரத்துக்குத்தான் 'பிரேசில்' என்று பெயர். நாட்டுக்குப் பெயர் மரத்திலிருந்து வந்தது.

வாசலுக்கு மேலே புடைப்புச் சிற்பம்: மரக்கட்டைகள் ஏற்றிய வண்டி, அதை இழுக்கும் காட்டு மிருகங்கள், சாட்டை ஓங்கிய வண்டிக்காரன். கீழே பைகளோடு ஜனங்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். உள்ளே இப்போது வணிக வளாகம்.

படம் எடுக்கப் பையிலிருந்து போனை எடுத்தேன். குப்பியின் மூடி கழன்றிருந்தது. போன், கைக்குட்டை, ரயில் சீட்டு, ஐந்து விரல், எல்லாம் நீலம். "இது வெளுக்காதுல்ல?" என்றான் தம்பி.